பொம்மைப் படமும் மலைப்பாதையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டில் ஒரு தர்க்கம் நடந்தது. ஒரு கட்சி, நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள். எதிர்க் கட்சி, இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பேசிப் பேசித் தொண்டையைத் தேய்த்துக் கொண்ட நான். வாத்தியார் கட்சிதான் தோற்றது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அவள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பொம்மைப் படம் பார்த்துக் கொண்டிருந்தாள். வாய்ப்பாடு பாக்கியிருந்தது. "அணைத்து விடட்டுமா?" என்றேன். "ஐந்தே நிமிஷம், அப்பா! நோபிதாவின் பாட்டி வரப் போகிறாள்" என்றாள். பாட்டி என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு அல்லவா? சுவிட்சின் மேல் கை வைத்தபடியே நின்றேன். சற்று நேரம் கழித்துப் பார்த்தால், நானும் தரையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் ஏதோ தூசி விழுந்த மாதிரி இருந்தது.

வீட்டில் குழந்தைகள் இருக்கும் நேயர்களுக்கு டோரேமான் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து நம் காலத்துக்கு வந்து சேர்ந்த நீல நிற இயந்திரப் பூனை அது. பூனையாயிருந்தும் எலியைக் கண்டால் நடுங்கும். பரீட்சையில் பூஜ்யம் வாங்குவதையே தொழிலாகக் கொண்ட நோபிதா என்ற பையனைக் கரையேற்றுவது அதன் உத்தியோகம். (அந்த உத்தியோகத்தின் கஷ்டம் உபாத்தியாயர்களுக்குத்தான் தெரியும்.) நோபிதாவின் மேஜை இழுப்பறையைத் திறந்தால் உள்ளே ஒரு கால யந்திரம் இருக்கிறது. அதில் ஏறிக்கொண்டு சென்ற காலத்துக்கும் போகலாம், வரும் காலத்துக்கும் போகலாம்.

இதைப் படைத்தவர் புஜிக்கோ எஃப். புஜியோ என்ற புனைபெயர் கொண்ட ஹிரோஷி புஜிமோட்டோ என்னும் ஜப்பானியச் சித்திரக்காரர். 1933-ல் பிறந்து 1996-ல் காலமானவர். 1969-ஆம் வருஷக் கடைசியில் குழந்தைப் பத்திரிகைகளில் தலைகாட்டிய பூனை, 1973-ல் தொலைக்காட்சியில் ஒரு முறை வந்து சீக்கிரமே மறைந்தது. 1979-ல் திரும்ப வந்தது. அப்புறம் அதை யாராலும் கிளப்ப முடியவில்லை. 2005-ஆம் வருஷம் நம் தேசத்துக்கு வந்து, இப்போது தேவாரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தமிழ் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அன்று நான் பார்த்த கதை இதுதான். நோபிதாவுக்குப் பழைய கரடிப் பொம்மை ஒன்று அகப்படுகிறது. அது கிழிந்தபோது பாட்டி ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தது. பாட்டி இப்போது இல்லை. ஒரே ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று பையன் இழுப்பறைக்குள் இறங்கிப் பழைய வீட்டுக்குப் போகிறான். மூன்று வயதுப் பேரனை வைத்துக்கொண்டிருக்கும் பாட்டி, வளர்ந்து நிற்கும் இந்தப் பையனையும் தன் பேரன்தான் என்று சொன்னவுடன் நம்பி விடுகிறாள். சந்தேகம் என்பது அவள் மனசில் எழவே இல்லை. அவன் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பையன் தன் காலத்துக்கு ஓடிப் போய்ப் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிற்கிறான். கதை அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் பாட்டி இருந்த யாருக்கும் அதற்கு மேல் தேவைப்படாது.

* * *

கதையைவிட என்னைப் பிடித்து இழுத்தது வேறொன்று. அந்தச் சித்திரத்தில் இருந்த வீடும் தெருவும்.

தரை முழுவதும் பாய். மடித்து அலமாரியில் வைக்கும் படுக்கை. எல்லாரும் தரையிலேயே உட்காருகிறார்கள். தாயார் கூடையை எடுத்துக்கொண்டு கடைத் தெருவுக்குப் போகிறாள். சாயங்காலமானால் பையன்கள் ஒரு காலி மனையில் கூடுகிறார்கள். அந்த மனையில் மூன்று பெரிய சிமெண்டுக் குழாய்கள் அடுக்கிக் கிடக்கின்றன. பையன்களுக்கு அதுவே சிம்மாசனம், அதுவே கோட்டை, அழுவதற்கு மறைவிடமும் அதுவே.

"இது நம்ம களம் அல்லவா!" என்று எனக்குத் தோன்றிவிட்டது. எங்கள் தெருக் கோடியில் ஒரு களம் இருந்தது. அறுவடைக் காலத்தில் சோளமும் மொச்சையும் அங்கே காயும். மற்றக் காலத்தில் கிட்டிப்புள், பம்பரம், எறிபந்து. எப்போதோ குடிதண்ணீர் வேலைக்காகக் கொண்டு வந்து போட்டு மிஞ்சிய குழாய் ஒன்றும் கிடந்தது. அதற்குள் புகுந்து கூப்பிட்டால் குரல் நம்முடையதாகவே இராது. பெரிய மனிதரின் குரலாகத் திரும்பி வரும். இன்று அந்தக் களத்தில் எல்லைக் கற்கள் நட்டு, வர்ணமும் அடித்திருக்கிறார்கள்.

ஜப்பானிலும் அதே கதிதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்து கொண்டேன். தோக்கியோ நகரம் நாளுக்கு நாள் பெருகி, கழிவு நீர்க் குழாய்கள் புதைத்துக் கொண்டிருந்த காலத்தில் இப்படிப்பட்ட காலி மனைகள் ஊரெங்கும் இருந்தனவாம். இப்போது அவை அபூர்வம். 2011-ஆம் வருஷம் கவாசாக்கி நகரத்தில் அந்தச் சித்திரக்காரருக்கென்று ஒரு காட்சிசாலை திறந்தார்கள். அதன் மாடியில் புல் வளர்த்து, அதே மாதிரி குழாய்களையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் தெருவில் சும்மா கிடந்ததைச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது! சித்திரக்காரர் பழமையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பவில்லை. தம் ஜன்னலுக்கு வெளியே கண்டதைப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே இருந்தது போய்விட்டது. காகிதத்தில் இருந்தது தங்கிவிட்டது.

அந்த நாட்டில் இன்னொரு பொம்மைப் படமும் உண்டு. பெயர் 'சசாயே-சான்'. மச்சிக்கோ ஹசேகவா என்ற அம்மாள், யுத்தம் முடிந்த மறு வருஷமாகிய 1946-ல், புக்குவோக்கா நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஆரம்பித்த சித்திரக் கதை. 1974 வரையில் அவரே எழுதினார். 1969 அக்டோபரிலிருந்து ஞாயிறுதோறும் மாலையில் அது தொலைக்காட்சியில் வருகிறது. உலகத்திலேயே அதிக காலம் நடக்கும் பொம்மைத் தொடர் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. தாத்தா, பாட்டி, மகள், மருமகன், பேரன், மகளின் தம்பி, தங்கை என்று ஒரே கூரையின் கீழ் ஏழு பேர்; ஒரு பூனையும் உண்டு. குள்ள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் யாருக்கும் ஒரு வயது கூட ஏறவில்லை.

இந்தப் படம் முடிகிற சமயத்தில் ஜப்பானியரைச் சோகம் பிடித்துக் கொள்ளுமாம். 'ஐயோ, நாளைக்குத் திங்கட்கிழமை!' என்ற சோகம். அதற்குச் 'சசாயே-சான் வியாதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாமலே இந்த வியாதியை இருபது வருஷமாக நான் அனுபவித்து வருகிறேன்.

* * *

என் சிறு பிராயத்திலும் ஒரு பொம்மைப் படம் இருந்தது. 1993-ஆம் வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் வந்த 'ஜங்கிள் புக்'. கிப்ளிங் என்ற ஆங்கிலேயர் நம் நாட்டுக் காட்டைப் பற்றி எழுதிய கதையை ஜப்பானியர்கள் படமாக எடுத்தார்கள். அதை ஹிந்தி பேச வைத்து, குல்ஸார் பாட்டு எழுதி, தேசம் முழுவதும் காட்டினார்கள். மதுரை ஜில்லாக் கோடியில், ஹிந்தியில் ஒரு வார்த்தையும் தெரியாத தமிழ்ப் பையன்கள் நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். (தேனி ஜில்லா பிறந்தது அதற்குப் பிறகுதான்.)

பெட்டி எங்கள் வீட்டில் இல்லை. ஏலக்காய் வியாபாரம் செய்த ஒருவர் வீட்டில் இருந்தது. ஞாயிறு காலையில் அந்த வீட்டுத் திண்ணை, கூடம், ஜன்னல் எல்லாம் குழந்தைகள். திடீரென்று படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். உடனே ஒருவன் மாடிக்கு ஓடி, கொடைக்கானல் கோபுரம் இருக்கும் திசையை நோக்கி ஆண்டெனாவைத் திருப்புவான். "வந்திருச்சா?" என்று அவன் மேலிருந்து கத்த, "வந்திருச்சு! ஆடாம அப்படியே நில்லு!" என்று நாங்கள் கீழிருந்து கத்துவோம். பாவம், அந்தப் பையன் பாதிப் படத்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கழித்திருக்கிறான். ஓநாய்கள் வளர்த்த பிள்ளையின் கதை முடிந்ததும் வெளியே ஓடி வந்து மேற்கே பார்ப்போம். அங்கே எங்கள் மலை நிற்கும். மௌக்ளி அந்த மலையில்தான் இருக்கிறான் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. ஏனென்றால் எங்கள் தாய்மார்களும் அங்கேதான் இருந்தார்கள்.

வெளியூர் நேயர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போடிநாயக்கனூருக்கும் கம்பத்துக்கும் நடுவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது தேவாரம். இசைக்குப் பேர் போன பண்ணைப்புரம் பக்கத்து ஊர். மலைக்கு மேலே உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்கள். 1956-ல் மொழிவாரி ராஜ்யங்கள் ஏற்பட்டபோது மலையுச்சி கேரளத்தோடு நின்றது, அடிவாரம் நம்மோடு. ஆனால் வயிற்றுக்கு ராஜ்ய எல்லை தெரியாது. எங்கள் ஊர் ஜனங்கள் சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்தே மலையேறித் தோட்ட வேலைக்குப் போனார்கள். போடி மெட்டிலும் கம்பம் மெட்டிலும் சாலை இருக்கிறது. எங்கள் மெட்டுக்கும் ஒரு சாலை வேண்டும் என்று ஊரார் வெகு காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

என் தாயாரும் அந்தப் பாதையில் நடந்தவர்தான். திங்கட்கிழமை விடியுமுன் தூக்குவாளியோடு ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம் இறங்குவார். மற்ற நாட்களில் அப்பத்தாதான் எங்களுக்குத் தாய். சனிக்கிழமை மாலை பாதை முடிகிற இடத்தில் நானும் தங்கையும் போய் நிற்போம். தாயார் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வந்து விடும். பச்சை ஏலக்காயும் விறகுப் புகையும் கலந்த வாசனை. ஸ்டோரில் இரவு பகலாக நெருப்பு மூட்டி, ஐந்து கிலோ பச்சைக் காயைக் காய வைத்தால் ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். பாக்கி நாலு கிலோவும் வாசனையாக மாறி எங்கள் அம்மாவின் சேலையில் ஏறிக்கொண்டது என்று நான் நினைத்திருந்தேன். முந்தானை முடிச்சில் மலைக் கொய்யா ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும்.

ஆகவே, அன்று பொம்மைப் படம் முடிந்ததும், "அப்பா, உங்களுக்குக் கால யந்திரம் கிடைத்தால் எங்கே போவீர்கள்?" என்று மகள் கேட்டபோது, நான் யோசிக்கவே இல்லை. "அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு" என்றேன். குரலில் கொஞ்சம் கவித்துவம் கூடச் சேர்ந்திருக்க வேண்டும்.

சுவரோரம் கட்டிலில் சாய்ந்திருந்த என் தாயார் சிரித்தார். வயது எழுபத்தெட்டு. முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து வெகு நாளாயிற்று.

"ஏய்யா, சனிக்கிழமைக்குப் போவே. திங்கக்கிழமைக்குப் போவியா?" என்றார்.

* * *

பிறகு அவர் சொன்னவை எனக்கு முன்பே தெரிந்தவைதாம். ஆனால் சேர்த்து வைத்துக் கேட்டதில்லை. ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு படரும் சரங்களில் காய்க்கும். நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். தென்மேற்கு மழை நிற்காமல் பெய்யும். தலையில் சாக்குக் கொங்காணி. காலில் அட்டை. உப்போ சுண்ணாம்போ தேய்த்தால் விழும். விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காது. லயத்தில் ஓர் அறையில் ஐந்து பெண்கள், நடுவில் ஓர் அடுப்பு.

"நீ நாலாப்புப் படிக்கிறப்போ ஒரு புதன்கிழமை நான் வந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

நன்றாக ஞாபகம் இருந்தது. வாரத்தின் நடுவில் அம்மா வந்துவிட்ட அதிசயம்! என் பால்யத்தின் பொன்னான நாட்களில் அது ஒன்று. அன்று இரவு அம்மாவின் பக்கத்தில் படுத்துத் தூங்கினேன்.

"உன் தங்கச்சிக்குக் காய்ச்சல் கண்டு மூணு நாளாச்சு. சேதி சொல்ல ஆள் ஏறி வந்து சேரவே ஒரு பொழுது ஆயிருச்சு. இருட்டுலே இறங்கினேன். பிள்ளை இருக்குமோ இருக்காதோன்னு நெனச்சுக்கிட்டே இறங்கினேன்."

தங்கை பிழைத்து, இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாயாக இருக்கிறாள். ஆனால் அந்தப் புதன்கிழமை! முப்பத்தைந்து வருஷமாக நான் பண்டிகையாக நினைத்துக் கொண்டாடிய அதே நாள், என் தாயாரின் வாழ்வில் மிகப் பயங்கரமான நாள். ஒரே நாளுக்கு இரண்டு முகம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

பழைய காலத்தைப் பற்றிய ஏக்கம் பொதுவாக இப்படிப்பட்டதுதான் போலிருக்கிறது. 'சசாயே-சான்' முதலில் பத்திரிகையில் வந்தபோது யுத்தத்துக்குப் பிந்திய பஞ்ச காலம். ரேஷனும் உணவுத் தட்டுப்பாடும் அந்தச் சித்திரங்களில் இடம் பெற்றன. இன்றைய தொலைக்காட்சியிலோ குள்ள மேஜை இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. பசி மட்டும் இல்லை. நானும் அதையே செய்திருக்கிறேன். கொய்யாவை வைத்துக்கொண்டு அட்டையைத் தள்ளிவிட்டேன்.

* * *

திங்கட்கிழமை, மேற்படி வியாதியோடு பள்ளிக்கூடம் போனேன். மனசில் ஒரு யோசனை. நம் தேசத்திலும் நல்ல பொம்மைப் படங்கள் உண்டு. 1974-ல் விஜயா முலே அம்மாள் எடுத்து, பீம்ஸேன் சித்திரம் வரைந்த, ஒற்றுமையைச் சொல்லும் 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'வை என் தலைமுறையில் பலர் மறக்கவில்லை. 2008-ல் வந்த 'சோட்டா பீம்' குழந்தைகளின் ராஜா. ஆனால் ஒன்று நீதி சொல்கிறது. மற்றொன்று ஒரு கற்பனை ஊரில் நடக்கிறது. 'தில்லானா மோகனாம்பாளு'க்குக் கோபுலு போட்ட சித்திரங்களால் தஞ்சாவூர்ச் சீமையின் வாழ்க்கை நம் கண் முன் நிற்கிறது. மலையடிவாரத்துப் பெண்ணின் தூக்குவாளியை யார் போட்டார்கள்? அப்படி ஒரு சித்திரம் இதுவரை என் கண்ணில் படவில்லை.

ஆகவே எட்டாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன்: "உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சிறு வயதில் ஒரு நாளை எப்படிக் கழித்தார்கள் என்று கேட்டு, அதைச் சித்திரமாகப் போட்டு வாருங்கள். மறைந்து போன அந்தக் காலத்தைக் காப்பாற்ற வேண்டும்!"

புதன்கிழமை சித்திரங்கள் வந்தன. உரல், அம்மி, பஞ்சாயத்து ரேடியோ, போடிக்கு வந்த பழைய ரயில். (1928-ல் வந்த அந்த ரயில் 2010-ஆம் வருஷக் கடைசியில் நின்று, பாதை அகலமாகி, 2023-ல் மறுபடியும் போடிக்கு வந்தது. மறைந்ததாக நினைப்பவை சில சமயம் திரும்பி வருவதும் உண்டு!) ஒரு பெண் தன் பாட்டியின் கைவிரல் நகங்களை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தாள், காய் எடுத்து எடுத்துக் கறுத்துப் போன நகங்கள். "பேஷ்!" என்றேன்.

கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் ஜீப் ஒன்றை வரைந்திருந்தான். உள்ளே இடம் இல்லாமல் பெண்கள். விளக்கு எரிகிறது, வானம் கறுப்பு.

"தம்பி, நான் பழைய காலத்தை அல்லவா கேட்டேன்?" என்றேன்.

பையன் தலையைக் குனிந்து கொண்டு, "இல்லீங்க ஸார். எங்க அம்மா இப்பவும் மலைக்குத்தான் போறாங்க. காலையிலே நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே ஜீப் போயிரும்" என்றான்.

வகுப்பில் வேறு யாரும் பேசவில்லை. ஐந்தாறு பிள்ளைகள் அவன் சித்திரத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். அந்த ஜீப்பில் அவர்கள் வீட்டு ஆட்களும் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நேயர்களே, நான் பட்டம் பெற்றவன். மாதச் சம்பளம் வாங்குகிறேன். என் வீட்டிலிருந்து யாரும் இப்போது மலையேறுவதில்லை. அதனால் மலையேறுவதே முடிந்துபோன சங்கதி என்று முடிவு கட்டி, அதற்குச் சித்திரம் போட்டுச் சட்டம் மாட்டக் கிளம்பிவிட்டேன். நடை போய் ஜீப் வந்திருக்கிறது; வாரக் கணக்கு மாறித் தினக் கணக்காகியிருக்கிறது. விடியுமுன் வீட்டை விட்டுப் போகும் தாயும், சாயங்காலம் வாசலைப் பார்த்து நிற்கும் குழந்தையும் அப்படியேதான் இருக்கிறார்கள். எனக்குச் சென்ற காலம் என்பது என் மாணவனுக்கு இன்று காலை.

அந்தச் சித்திரத்தை வகுப்புச் சுவரில் முதலாவதாக ஒட்டினேன். மலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் ஒரு மணி நேரம் பள்ளிக்கூடத்திலேயே இருந்து பாடம் படிக்கலாம் என்றும் ஏற்பாடு செய்தோம். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. களம் போய்விட்ட ஊரில் பிள்ளைகள் கூடுவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான்.

இரவு தாயாரிடம் கேட்டேன்: "அம்மா, உங்களுக்கு அந்த யந்திரம் கிடைத்தால் எங்கே போவீர்கள்?"

வெகு நேரம் யோசித்தார். "வேலைக்குப் போகமாட்டேன்ய்யா. பாதையிலே பாதித் தூரத்திலே ஒரு ஊத்து உண்டு. சுமையை இறக்கி வச்சிட்டு எல்லாரும் உக்காருவோம். அந்தத் தண்ணியிலே ஒரு வாய் குடிச்சிட்டு, அப்படியே திரும்பிருவேன்" என்றார்.

என் மகள் வாய்ப்பாட்டு நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த ஊற்றைச் சித்திரமாகப் போட ஆரம்பித்தாள். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. மரம் போட்டாள், பாறை போட்டாள், கையைக் குவித்துத் தண்ணீர் குடிக்கும் அப்பத்தாவையும் போட்டாள். தாயார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்கு, கண்ணு. கால்லே ஒரு அட்டையையும் போடு" என்றார்.